நேசம்மாள் கொடுத்த ஏழு சென்ட்

கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நூலகர் ஷீஜாவுக்குப் பேரூராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. நூலகம் நிற்கும் ஏழு சென்ட் புறம்போக்கு. இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் ஆதாரத்தோடு பேரூராட்சிக் கூட்டத்துக்கு வரவும்.

அலமாரிகளையெல்லாம் இறக்கிப் பார்த்தும் பத்திரம் இல்லை. 1958 திறப்பு விழாவின் போட்டோ ஒன்றுதான் கிடைத்தது. அதில் வாசலுக்கு இடப்பக்கம் ஒரு கல்வெட்டு. இப்போது அங்கே வெறும் சுவர். எப்போதோ மேலே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள்.

மயிலாடியிலிருந்து சிற்பி யோவானை அழைத்து வந்தாள். கொத்தனார் ஒரு மணி நேரத்தில் உடைத்திருப்பார். யோவான் அரைநாள் எடுத்துக்கொண்டார்.

"எழுத்துல உளி பட்டா எல்லாம் போச்சு. பைய பையதான் எடுக்கணும்," என்றார். மத்தியானம் ஆனதும் கூப்பிட்டார். "மக்கா, பேரு வருது பாரு."

'இவ்விடம் நேசம்மாள் தானம். 9.2.1958.'

ஷீஜா அன்றே பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு ஓடினாள். முந்தின வாரம் பேரும் தேதியும் இல்லாமல் தேட முடியாது என்று திருப்பி அனுப்பிய எழுத்தர், இரண்டையும் கேட்டதும் பழைய பதிவேடுகளை எடுத்தார். மூன்றாம் நாள் நகல் கிடைத்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள்.

கூட்டத்தில் தலைவர் அவசரப்படுத்தினார். "சீக்கிரம் சொல்லுங்க டீச்சர்."

"நான் டீச்சர் இல்ல சார், நூலகர். இதைக் கொஞ்சம் வாசிக்கிறேன்."

சத்தமாகவே வாசித்தாள். "மேற்படி நிலத்தில் நூல்நிலையம் தவிர வேறெதுவும் நடத்தக் கூடாது. பெண்கள் முன்வாசல் வழியாகவே வரவேண்டும், ஆண்களுக்குச் சமமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இவற்றை யார் மீறினாலும் நிலம் என் வாரிசுகளிடம் திரும்பிவிடும்."

பெண் உறுப்பினர்கள் ஆறு பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்தாள். "இன்னொரு தடவை வாசிங்க."

மறுபடி வாசித்தாள். இந்த முறை முடிப்பதற்குள் கைதட்டல் எழுந்தது. வெளியே ஜன்னலில் நின்ற வாசகர்கள் விசிலடித்தார்கள். செயல் அலுவலர் நகலை வாங்கி முத்திரையைச் சரிபார்த்தார். தலைவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். தீர்மானம் வாபஸ் ஆனது.

வெளியே வந்த ஷீஜாவுக்கு அழுகை வரவில்லை. நல்ல பசி. பஸ் ஸ்டாண்ட் கடையில் நின்று சூடாக மூன்று பழம்பொரி தின்றாள்.