வாசலில் நின்றவள்

"வாங்க, வாங்க" என்று கை கூப்பிவிட்டாள் பிரவீணா.

சாமியானாவுக்குள் நுழைந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அவள் அப்பா லட்சுமணசாமி படுத்திருக்கிறார். இவளோ கல்யாண வீட்டுப் பெண் மாதிரி வாசலில் நின்று வரவேற்கிறாள்.

இழவு வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லக்கூடாது. சூலூரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்ததுதான். ஆனால் டப்ளினில் படித்துவிட்டுத் திரும்பியதிலிருந்தே என்ன பேச, எங்கே நிற்க என்று எல்லாமே தடுமாற்றம். வீடும் அவளை விருந்தாளியாகவே வைத்திருந்தது. பாத்திரத்தைத் தொட்டால், "உடு கண்ணு, உனக்கெதுக்கு" என்பாள் அம்மா. வாதம் வந்து படுத்த அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டப் போனாலும் அதே பேச்சு. பட்ட பாடெல்லாம் போதும் என்று இன்று காலை அவர் அடங்கியபோதும், யாரோ நாற்காலி போட்டு அவள் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்கள். பெற்ற அப்பன் செத்த வீட்டில் மகளுக்கு உபசாரம். ஏதாவது ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்றுதான் வாசலுக்கு வந்தாள்.

பெட்டியருகே இருந்த அம்மா ராசாத்தாள் எழுந்து வந்தாள்.

"ஏண்டி, எழவூட்டுல வாங்கன்னு கூப்புடுவாங்களா? படிச்சுக் கிழிச்சவ, இருந்த அறிவையும் அங்கயே உட்டுப்போட்டு வந்துட்டியா?"

"உடு ராசாத்தா, வெளிநாட்டுல இருந்த புள்ளைக்கு என்ன தெரியும்" என்றாள் அத்தை.

"தெரியாம என்னங்க? எம் வவுத்துல பொறந்தவதானுங்களே." மகள் பக்கம் திரும்பினாள். "மசமசன்னு நிக்காத. வந்து அப்பன் கால்மாட்டுல உக்காரு. வர்றவங்க கட்டிப் புடிச்சா நீயும் புடிச்சு அழுவு."

"சரிம்மா."

வந்த நாளிலிருந்து அம்மா திட்டியது இதுதான் முதல் தடவை. அப்பாடா என்றிருந்தது பிரவீணாவுக்கு. கால்மாட்டில் உட்கார்ந்ததும், காலையிலிருந்து வராத அழுகை குலுங்கிக் குலுங்கி வந்தது. அத்தை தோளில் சாய்ந்து வெட்கமில்லாமல் அழுதாள்.

சாயந்திரம் அப்பாவை எடுத்துக்கொண்டு ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். துக்கத்துக்காக நிறுத்திய பக்கத்து வீட்டுத் தறி இன்னும் ஓடவில்லை. குளித்து வேறு சேலை மாற்றிக்கொண்டு, அலசிய ஈரச்சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் வந்த ராசாத்தாள், அதன் ஒரு முனையை மகளிடம் நீட்டினாள். ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள்.

"இறுக்கிப் புடி" என்றாள் அம்மா.

பிரவீணா கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள். தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது.