இரண்டு கம்பஸ் போதும்

உயர்தரப் பரீட்சையில் சுகிர்தா நல்ல புள்ளி எடுத்ததும், எத்தனை கம்பஸை, அதாவது பல்கலைக்கழகத்தை, போய்ப் பார்ப்பது என்ற கதை வெள்ளவத்தை வீட்டில் தொடங்கியது.

"ஒண்டு காணும். கொழும்புக் கம்பஸ் பஸ்ஸில ஏறினா வந்திடும்," என்றார் அப்பா நமசிவாயம்.

"ஒரு சீலை எடுக்க நாலு கடை ஏறி இறங்கிறம். பிள்ளை படிக்கப்போற இடத்துக்கு ஒண்டோ?" என்று கேட்டாள் அவர் மனைவி பாலேஸ்வரி. மலைநாட்டிலிருக்கும் பேராதனைக் கம்பஸையும் பார்க்கவேண்டும் என்று சுகிர்தா ஒற்றைக்காலில் நின்றாள்.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்த நாளிலிருந்து நமசிவாயம் தூரத்தைச் சோதனைச் சாவடிகளால்தான் அளப்பார். அந்தக் கணக்கில் பேராதனை வேறு நாடு. கடைசியில் மனுஷன் ஒரு தந்திரம் செய்தார். இரண்டு போதும், முதலில் பேராதனை, அடுத்த கிழமை கொழும்பு என்று தீர்ப்புச் சொன்னார். ரயிலில் இடிபட்டு, சாவடியில் வரிசையில் நின்று களைத்தால், வீட்டோடு இருந்து படிக்கிறேன் என்று பிள்ளை தானாகவே சொல்லுவாள் என்று நினைத்தார். அவருக்கு அவள் ஒரே பிள்ளை. பின்னேரம் அவள் வீடு வந்து சேராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

தமிழர் என்று தெரிந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், வெளியே போனால் தமிழில் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பொட்டும் கூடாது. சுகிர்தாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அவருக்கோ ஓமுக்கு 'ஓவ்', இல்லைக்கு 'நே' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் வராது. ஆகவே கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து பேராதனை வரை அப்பாவும் மகளும் வாயில் கொழுக்கட்டையை வைத்தவர்கள் மாதிரி இருந்தார்கள். மலை தெரிந்தபோது அவள் அவர் கையைத் தட்டிக் காட்டினாள். அவர் தலையாட்டினார். சாவடியில் ஆமிக்காரனுக்கு அவளே பதில் சொன்னாள்.

கம்பஸுக்குள் ஒரு பெரிய மரத்தடியில் பொட்டு வைத்த இரண்டு பெட்டைகள் நின்றார்கள். "எடியே, என்ர குடை எங்கயடி?" என்று ஒருத்தி ஊர் கேட்கக் கத்தினாள். நமசிவாயம் பதறிப்போய் நாலு பக்கமும் பார்த்தார். பக்கத்தால் போன சிங்களப் பெடியன்கள் திரும்பியும் பார்க்கவில்லை.

குடைக்காரி இவர்களைக் கண்டுவிட்டாள். "அங்கிள், ஆரைத் தேடுறியள்?"

சுகிர்தா சட்டென்று திரும்பினாள். கதைக்கலாமோ என்று கேட்கிற மாதிரி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வளர்ந்த பிள்ளை, சொந்தப் பாஷையைக் கதைக்க உத்தரவு கேட்டு நிற்கிறாள். நமசிவாயத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கதை, பிள்ளை," என்றார்.

அவ்வளவுதான். விடுதி எப்படி, சாப்பாடு எப்படி, ராகிங் எப்படி என்று அவள் கேட்டுத் தள்ளினாள். நடுவில் எதற்கோ தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாள். வீட்டுக்கு வெளியே அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. அவருடைய தந்திரம் அந்த மரத்தடியிலேயே தவிடுபொடியானது.

திரும்பும்போது ரயில் மேடையில் அவள் பழையபடி குரலைத் தாழ்த்திக் காதுக்குள் கேட்டாள்: "அடுத்த கிழமை கொழும்புக் கம்பஸுக்கு எப்ப அப்பா போறம்?"

"போகத் தேவையில்லை," என்றார் நமசிவாயம். மேடையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, தமிழில்தான் சொன்னார். "விண்ணப்பத்தில முதல் விருப்பமாப் பேராதனையைப் போடு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.