தொடாத பத்து மார்க்

பாஞ்சாலைக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. ஆனால் பதினோராம் வகுப்புக் கணக்கு தெரியும். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். மரக்காணம் உப்பளத்தில் தை மாதம் முழுக்க அவள் உப்புப் பாத்தியின் தரை இறுக மிதித்தபோது, லீவு நாளெல்லாம் மகள் சுலோசனாவும் கூட வந்து மிதித்தாள். மிதித்துக்கொண்டே கணக்கை வாய்விட்டுச் சொல்லுவாள். ஒரு படியை விட்டாலும் மார்க்கை வெட்டிவிடுவார்கள் என்று வாத்தியார் மிரட்டி வைத்திருந்தார். கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் பாடமாகிவிட்டது. மகள் அவசரப்பட்டால், நடுவில் ஒன்றை முழுங்கிவிட்டாய் என்று அவளே பிடித்துவிடுவாள்.

புருஷன் போன வருஷம் காமாலையில் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து பாஞ்சாலைக்கு ஒரே ஆசைதான். பொண்ணு எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி, டீச்சர் டிரெயினிங் போய், உப்புத் தண்ணியில் கால் வைக்காமல் பிழைக்க வேண்டும்.

ரிசல்ட் வந்தது. பேப்பரில் சுலோசனாவின் நம்பர் இல்லை. மார்க் லிஸ்டில் மற்ற பாடமெல்லாம் அறுபதுக்கு மேல். கணக்கில் மட்டும் இருபத்தொன்பது. முப்பத்தைந்து வேண்டும்.

திருத்தினவன் கண் அவிந்து போச்சா என்று பாஞ்சாலை பள்ளிக்கூடத்துக்கே போய்க் கத்தினாள். வாத்தியார் பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு பத்து மார்க் கேள்வியைத் தொடவே இல்லை என்று சுலோசனாவே தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். கணக்கில் அவள் எப்போதுமே மட்டுமட்டுதான், அந்தப் பத்து இருந்திருந்தால் பாஸ் என்றார்.

வீட்டுக்கு வந்தவள் மகளை எதிரில் உட்கார வைத்து, என்ன கேள்வி என்றாள். சுலோசனா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒரு வேலையை ஒருத்தி பத்து நாளில் முடிப்பாள், இன்னொருத்தி பதினைந்து நாளில் முடிப்பாள். இருவரும் சேர்ந்து நாலு நாள் செய்தபின் முதல் ஆள் போய்விட்டாள். மீதியை மற்றவள் எத்தனை நாளில் முடிப்பாள்?

"இது நீ பாத்தியில சொன்ன கணக்காச்சே. ஏண்டி எழுதல?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பரீட்சைக்கு முந்தின வாரம் உப்பளக் கங்காணி காசிலிங்கம் சுலோசனாவை வழியில் நிறுத்தியிருக்கிறான். ஜோடி ஆளுக்குத்தான் பாத்தி, நீ மேலே படிக்கப் போய்விட்டால் ஒண்டி ஆளான உன் அம்மாவுக்கு முதலாளி பாத்தி கொடுக்க மாட்டார் என்று சொல்லியிருக்கிறான்.

"அந்தக் கேள்வியப் படிச்சதும் நீதாம்மா கண்ணுல நின்ன. பேனாவ மூடிட்டேன். செப்டம்பர்லயும் எழுத மாட்டேன். கங்காணிகிட்ட உனக்கு ஜோடி ஆளா பேர் குடுத்துட்டேன்."

படுபாவிப் பெண்! பாத்தி போனால் சவுக்கு வெட்டப் போயிருக்க மாட்டாளா அம்மா? பாஞ்சாலை அடிக்கக் கையை ஓங்கினாள், மனசு வரவில்லை. அதே கையால் மகளின் முகத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு படி விடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு நாளைக்கி மொத ஆளு பத்துல ஒண்ணு. ரெண்டாவது ஆளு பதினஞ்சுல ஒண்ணு. சேந்தா ஆறுல ஒண்ணு. நாலு நாள்ல மூணுல ரெண்டு பங்கு முடிஞ்சிச்சி. மீதி மூணுல ஒண்ணு. அஞ்சு நாளுடி. ஒண்டியா அஞ்சே நாள்ல முடிச்சிடுவா. நான் முடிச்சிருப்பேண்டி."

சுலோசனா அம்மாவின் வெடித்துப்போன பாதங்களைப் பார்த்தாள்.

"அது கணக்குலம்மா," என்றாள்.