எல்லைக் கயிற்றைத் தாண்டிய நிழல்

1958 தை மாதம் கருங்கொல்லையில் காலரா கண்டபோது, டென்மார்க் நாட்டு மிஷன் நர்ஸ் கிர்ஸ்டன் அம்மா ஊருக்கு வெளியே ஒரு பாறைமேல் நின்றுகொண்டிருக்க, அவளுடைய நிழல் மட்டும் ஊருக்குள் போய் ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் புகட்டியது. அந்த வாரம் ஜமுனாமரத்தூர் சந்தையில் புளி மலிவாக விற்றது.

ஜவ்வாது மலையில் அந்த ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கொள்ளை நோய் வந்தால் ஊரைச் சுற்றி வேப்பிலை செருகிய கயிறு கட்டுவார்கள். அம்மன் தணிந்து கயிறு அவிழும்வரை யார் காலும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மிச்சமிருப்பவர்களும் போவார்கள். சாவு விழுந்த வீட்டுக்குள் ஊராரும் நுழையக் கூடாது. பச்சையம்மா புளி விற்கச் சந்தைக்குப் போயிருந்த காலையில் அவள் புருஷன் பழனி இறந்தான். மகள் நீலாவதிக்கும் கண்டுவிட்டது. பச்சையம்மா திரும்புவதற்குள் கயிறு கட்டியாகிவிட்டது. முடிச்சுப் போட்டவர் ஊர்க்கவுண்டர் கண்ணாயிரம், அவளுடைய சொந்த அண்ணன். தங்கை கயிற்றுக்கு அந்தப் பக்கம் மண்ணில் புரண்டபோது அவரும் அழுதார். முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை. உள்ளே ஊரே இருந்தது.

பச்சையம்மா ஓடிப்போய்க் கிர்ஸ்டன் அம்மாவை அழைத்து வந்தாள். அந்த அம்மா மலைக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவளுடைய களிம்பையும் மாத்திரையையும் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஜெபத்தை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்காக அவள் ஒருவரிடமும் முகம் சுளித்ததில்லை. கயிற்றையும் அவள் மதித்தாள். காலராவில் உடம்பின் நீரெல்லாம் வடிந்துதான் ஆள் சாகிறான். வடிய வடிய, உப்பும் வெல்லமும் கரைத்துக் காய்ச்சி ஆற்றிய நீரைப் புகட்டிக்கொண்டே இருந்தால் பிழைக்க வழியுண்டு. புகட்டத்தான் அந்தக் குடிசைக்குள் ஆள் இல்லை. ஊருக்கு மேற்கே இருந்த பாறையில் ஏறி, கையில் குவளையோடு நின்று, "ஆண்டவரே, எப்படியாவது என்னை அந்தப் பிள்ளையிடம் அனுப்பும்" என்று வேண்டினாள். அவள் போகவில்லை. நிழல் போனது.

நடந்த விதம் சிக்கலானதல்ல. சூரியன் அவள் முதுகுப்பக்கம் இறங்க இறங்க, நிழல் கிழக்கே நீண்டு, கயிற்றின்மேல் ஏறி இறங்கி, திறந்து கிடந்த வாசல் வழியாக நீலாவதியின் தலைமாட்டை எட்டியது. அவள் குவளையைச் சாய்த்தால் அதுவும் சாய்த்தது. இங்கே குவளையில் குறைந்த நீர் அங்கே பிள்ளையின் தொண்டையில் இறங்கியது. பச்சையம்மா குடத்திலிருந்து ஊற்றி நிரப்பியபடி இருந்தாள். முழங்காலிட்டால் நிழல் குறுகிப் பிள்ளையை விட்டு விலகிவிடும் என்பதால் கிர்ஸ்டன் அம்மா நின்றுகொண்டே ஜெபித்தாள்.

கயிற்றின் உள்பக்கம் கூட்டம் சேர்ந்தது. ஊர்க்காவல் பார்க்கும் குப்பன் கத்தினான்: "கவுண்டரே, நெழலு எல்ல தாண்டிப்போச்சு! இன்னா பாத்துக்கினு கீறீங்க?"

கண்ணாயிரம் குனிந்து, நிழலைத் தலையிலிருந்து அடிவரை கண்ணால் அளந்துகொண்டு வந்தார். அதன் பாதங்கள் அந்த அம்மாவின் பாதங்களோடு ஒட்டி, பாறைமேல், கயிற்றுக்கு வெளியே இருந்தன.

"காலு வெளியதான்டா கீது. உள்ள வந்தது கையும் தலையும்."

"அப்போ நானும் தலைய மட்டும் நீட்டி சந்தைக்குப் போய்ட்டு வரட்டுமா?"

"போய்ட்டு வாடா. காலு இங்கயே இருக்கட்டும்."

வழக்கு அதோடு தீர்ந்தது. வெயில்தான் விடவில்லை. சூரியன் தாழத் தாழ நிழல் மேலும் நீண்டு, கைகள் பிள்ளையைத் தாண்டிச் சுவருக்குப் போயின. அவற்றைப் பிள்ளையிடமே நிறுத்த அவள் ஓர் அடி பின்னால் போக வேண்டும். சற்று நேரத்தில் இன்னோர் அடி. பின்னால் பாறை முடிந்து கிடுகிடு பள்ளம். குதிகால் விளிம்பைத் தொட்டபோது, பச்சையம்மா ஒரு கையால் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் குவளையை நிரப்பினாள். அப்போது சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. நிழல் கரைந்தது. குடிசைக்குள் பிள்ளை முனகுவது எல்லோருக்கும் கேட்டது.

"பச்சையம்மா!" என்று கண்ணாயிரம் கூவினார். "களத்துல என் சாமப் போரு கீது. அந்தம்மா பின்னால அடுக்கிக் கொளுத்து!"

"மாடுங்க இன்னாண்ணே துன்னும்?"

"அத நான் பாத்துக்கிறேன். கொளுத்துடி!"

களம் கயிற்றுக்கு வெளியே, பாறையை ஒட்டி இருந்தது. அந்தச் சாமை வைக்கோல் போர் அவருடைய மாடுகளுக்கு ஒரு வருஷத் தீனி. கிர்ஸ்டன் அம்மா முன்னால் நகர்ந்துகொள்ள, விளிம்போரத்தில் வைக்கோல் கட்டுக் கட்டாக எரிந்தது. தீ சூரியனைப் போல ஒரே சீராக நிற்காது, குதிக்கும். ஆகவே நிழலும் குதித்தது, பாதி நீர் தரையில் சிந்தியது. தீ தணிந்தால் நிழல் வெளிறியது. அடுத்த கட்டு விழுந்ததும் கறுத்துத் திரும்பியது. கடைசிக் கட்டு எரியும்போது குடிசைக்குள்ளிருந்து குரல் வந்தது: "இன்னாம்மா இது, தண்ணி இவ்ளோ உப்பா கீது?" கண்ணாயிரம் கயிற்றைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் முதல் நிழல் மற்ற வீடுகளுக்கும் போனது. ஊரார் தங்கள் வைக்கோலைக் கயிற்றுக்கு மேலாக வெளியே வீசித் தந்தார்கள். சிலர் இறந்தார்கள், பலர் பிழைத்தார்கள். மாசியில் கயிறு அவிழ்ந்ததும் கிர்ஸ்டன் அம்மா நடந்தே ஊருக்குள் வந்தாள். ஞானஸ்நானம் யாரும் கேட்கவில்லை, அவளும் பேச்செடுக்கவில்லை. பச்சையம்மா அவள் உட்கார ஒரு பாய் விரித்தாள். பக்கத்தில், நிழல் விழுந்த இடத்தில், இன்னொரு பாய் விரித்தாள். அந்த அம்மா தன் நாட்டுக்குத் திரும்பிய 1967 வரை, அவள் வரும்போதெல்லாம் இரண்டு பாய்கள்தான். வெயில் நகர நகர நீலாவதி எழுந்து போய் இரண்டாவது பாயை இழுத்து இழுத்துப் போடுவாள். வந்தவர்களை வெறுந்தரையில் உட்காரவைக்கும் பழக்கம் அந்த ஊரில் கிடையாது.