கடைசித் தொட்டி

மத்திகிரி பட்டு நூற்பு நிலையத்தில் தினமும் காலையில் வெந்நீரில் விரலை விட்டுச் சூடு பார்ப்பது ருக்மணியின் வேலை. வரிசையாக ஐந்து தொட்டிகள். நான்காவதோடு அவள் திரும்பிவிடுவாள்.

உத்தனப்பள்ளி விவசாயக் குடும்பத்தில் பி.ஏ. முடித்த முதல் ஆள் அவள். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் நிலையம் திறந்ததும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். இந்தப் பக்கத்தில் சர்க்கா என்ற கைராட்டையில் சுற்றிய பட்டு ஒரு முழம் தடிமனாகவும் ஒரு முழம் மெலிசாகவும் வரும். நெசவாளர்கள் அதைத் தள்ளிவிட்டு ஜப்பான் நூல் கேட்டார்கள். அதை மாற்றத்தான் புது இயந்திரம். பீப்பாயில் காயும் வெந்நீர் ஒரே குழாயில் கிளம்பி ஐந்து தொட்டிக்கும் போய், சுற்றிக்கொண்டு மறுபடி பீப்பாய்க்கே வரும். எல்லாத் தொட்டியிலும் ஒரே சூடு. சூடு சீராக இருந்தால்தான் தொட்டியில் மிதக்கும் பட்டுக்கூடு சீராக நூலாகப் பிரியும்.

"ஜப்பான்காரிக்கும் பத்து விரல்தான்" என்று முதல் நாள் ருக்மணி பேசினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் செல்லி வந்தாள். ஊருக்கு வெளியே இருக்கும் கூலிக்காரர் தெருவிலிருந்து வந்தவள். சின்ன வயதிலிருந்து ஒரு வியாபாரியின் கொட்டகையில் சர்க்கா சுற்றியவள். அவள் உட்கார்ந்ததும் மற்ற நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். நால்வரும் நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள்.

"அவ கை வெச்ச தண்ணி சுத்திக்கிட்டு எங்க தொட்டிக்குத்தான டீச்சர் வருது?" என்றாள் பூவம்மாள்.

ருக்மணி கத்தினாள். தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் வந்திருக்கிறது, போலீஸைக் கூப்பிடுவேன் என்றாள். அடுத்த நாள் நான்கு பேருமே வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஆள் இல்லாவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. குழாய் வேலை பார்க்கும் பிட்டர் சென்னகிருஷ்ணனைக் கூப்பிட்டு, திரும்பி வரும் குழாயை வெட்டி அடைக்கச் சொன்னாள். செல்லிக்குக் கடைசித் தொட்டி. நான்கு தொட்டியைத் தாண்டிச் சொட்டும் தண்ணீர் அவளுக்கு வந்து, அங்கிருந்து சாக்கடைக்குப் போகும். யார் தொட்டிக்கும் திரும்பாது.

பெண்கள் வந்துவிட்டார்கள். முதலில் வேலை நடக்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று ருக்மணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு பார்க்கவில்லை.

பெங்களூரிலிருந்து பரிசோதகர் வரும் நாள் வந்தது. ஐந்து பேரில் ஒருத்தியை அவர் பொறுக்குவார். அவள் ஆறு மாதம் அங்கே படித்துவிட்டு இந்த நிலையத்துக்கே பயிற்சி ஆசிரியையாகத் திரும்பலாம்.

"பெங்களூர்ல தோசைகூட கன்னடத்துலதான் கேக்கணுமாம்" என்றாள் பூவம்மாள்.

"எனக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் தெரியும்" என்றாள் செல்லி. "மூணுலயும் திட்டு வாங்கியிருக்கேன்."

சிரித்தார்கள். செல்லி ருக்மணியிடம் தணிந்த குரலில், "எம் பேரைச் சொல்லுவீங்களா டீச்சரம்மா?" என்றாள். "எனக்கு இந்த ஒரு வழிதான் இருக்கு. இல்லன்னா திரும்ப அந்த வியாபாரி கொட்டாய்க்குத்தான் போகணும்."

"உன் கை சொல்லும்" என்றாள் ருக்மணி. நல்ல பதில் என்று அப்போது தோன்றியது.

பரிசோதகர் ஒவ்வொருத்தியின் நூலையும் ஒரு கருப்புப் பலகையில் சுற்றினார். பூவம்மாளின் நூல் கோடு கிழித்ததுபோல விழுந்தது. செல்லியின் நூலில் முடிச்சு முடிச்சாக வெள்ளைப் புள்ளிகள். அறுந்து அறுந்து ஒட்டிய நூல். செல்லி பலகையைப் பார்த்தாள், பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

பரிசோதகருக்குச் சந்தேகம். முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு கடைசித் தொட்டியில் கையை விட்டார். சட்டென்று செய்துவிட்டார், யோசிக்கவே இல்லை.

"ஆறிப்போன தண்ணி. இதுல கூடு எப்படிம்மா பிரியும்? சுத்தி வர்ற குழாய் எங்க?"

பூவம்மாள் தரையைப் பார்த்தாள்.

"விறகு மிச்சம் பண்ண அடைச்சோம் சார்" என்றாள் ருக்மணி.

"இப்ப சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? சேருங்க. இந்தம்மாவுக்கு இன்னொரு தரம் பாக்கறேன். நான் காத்திருக்கேன்."

சென்னகிருஷ்ணன் வாசலிலேயே நின்றான். குழாய்த் துண்டு மூலையில் கிடந்தது. ஒரு மணி நேர வேலை. ஆனால் சேர்த்தால் நான்கு பேரும் இவர் கண்முன்னாலேயே எழுந்து போவார்கள். ஏன் என்று கேட்பார். யார் வெட்டச் சொன்னது என்று கேட்பார்.

"இன்னிக்கு முடியாது சார்" என்றாள் ருக்மணி.

அவர் தோளைக் குலுக்கினார். "பலகையில இருக்கறதைத்தான் நான் எழுத முடியும்." பூவம்மாளின் பெயரை எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

செல்லி கையைச் சேலையில் துடைத்தாள். "என் கைதான் மழுங்கிப்போச்சுன்னு நெனச்சு அழுதிருக்கேன். அப்புறம்தான் பாத்தேன். நீங்க தினம் சூடு பாத்துட்டு நாலாவதோட திரும்பிடுவீங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா யார எழுப்பி வெளிய அனுப்பியிருப்பீங்க? அவங்களையா, என்னையா?"

ருக்மணியிடம் பதில் இருந்தது. அது வெளியே சொல்லக்கூடிய பதில் இல்லை. ஊரைத் திட்டத் தெரிந்த தன் வாய், ஒரு தொட்டியில் விரல் வைக்கத் துணியாத தன் கை. இரண்டும் ஒரே உடம்பில்தான் இருந்தன. குழாயை வெட்டியது ஊருக்குப் பயந்து. கடைசித் தொட்டியில் விரல் விடாதது யாருக்குப் பயந்து?

"சென்னகிருஷ்ணா, குழாயைச் சேர்" என்றாள்.

மூன்று பேர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார்கள். பூவம்மாள் மட்டும் வாசலில் நின்றாள். "நாளைக்கு நானும் வரணுமா டீச்சர்?"

"உன் இஷ்டம். பெங்களூர்லயும் தண்ணி சுத்தித்தான் வரும். யார் கை வெச்சதுன்னு அங்க யாரைக் கேப்ப?"

பூவம்மாள் உள்ளேயும் வரவில்லை. போகவும் இல்லை.

குழாய் சேர்ந்தது. கடைசித் தொட்டியில் மெல்ல ஆவி எழுந்தது. செல்லி உட்காரவில்லை.

"சூடு பாருங்க டீச்சரம்மா."

ருக்மணி விரலை விட்டாள். "சரியா இருக்கு."

"காலையில பாத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு செல்லி உட்கார்ந்து, கூட்டில் நூல் நுனியைத் தேட ஆரம்பித்தாள். நூல் அறாமல் வந்தது. அதைச் சுற்றிப் பார்க்கப் பலகை இல்லை. ஜீப்போடு போய்விட்டது.