வாங்க, உக்காருங்க

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒழுங்காகச் சண்டை போடக்கூடத் தெரியவில்லை. ஒருத்தன்மேல் கோபம் என்றால் நேரே போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டும். இரண்டு கெட்ட வார்த்தை வாங்கி, நாலு கெட்ட வார்த்தை கொடுத்து, சாயங்காலம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். இப்போது அப்படியா? சண்டையைக் கேமரா முன்னால் போடுகிறார்கள். சமாதானத்தையும் கேமரா முன்னால்தான் பேசுகிறார்கள். நடுவில் ஊர் முழுக்கப் போனைத் தேய்த்துத் தேய்த்து அதைப் பார்த்துவிட்டு, யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுதுகிறது. தீர்ப்பு எழுதுகிறவன் வீட்டில் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க அவனுக்கு நேரம் இருக்காது.

வெல்டருக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது. அதிலும் இந்த முறை போனில் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய சொந்த மாப்பிள்ளை.

அவருடைய வெல்டிங் பட்டறைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவன்தான் முதலில் கொண்டுவந்து காட்டினான். காட்டும்போதே அவனுக்கு வாய் காதுவரை இருந்தது.

"என்ன பெரியவரே, உங்க மாப்ள மைதானத்துலயே சட்டையக் கழட்டிட்டாராமே. குளிக்கப் போறாரா?"

"கழட்டுனாலும் அது துவைச்ச சட்டை. உன்னோடத கழட்டி வெச்சா தானா நிக்கும். போனக் குடு."

மாப்பிள்ளை கால்பந்து ஆடுகிறவர். குதிரை என்றால்தான் ஊருக்கு அவரைத் தெரியும். வலது ஓரமாகப் பந்தை வாங்கிக்கொண்டு கிளம்பினால் எதிரணிக்காரன் மூச்சு வாங்கப் பின்னால் வருவான். அது முன்பு. இப்போது குதிரைக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முழங்காலில் ஒரு ஆப்பரேஷனும் ஆகிவிட்டது.

அணியை நடத்துகிறவரை அந்தக் கிளப்பில் மானேஜர் என்கிறார்கள். மானேஜர் என்றால் பேங்கில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு நாளைக்கு வா என்பவர் என்றுதான் வெல்டர் வெகுநாள் நினைத்திருந்தார். இந்த மானேஜர் மைதான ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவர். யார் ஆட வேண்டும், யார் வெளியே உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில்.

போனில் தெரிந்தது இவ்வளவுதான். ஆட்டம் பாதிக்குமேல் போயிருக்கிறது. குதிரையை வெளியே வரச் சொல்லி எண் பலகையைத் தூக்குகிறார்கள். மாப்பிள்ளை நம்பாமல் பலகையைப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்து வருகிறார். மானேஜர் கையை நீட்டி பெஞ்சைக் காட்டி ஏதோ சொல்கிறார். மாப்பிள்ளை அப்படியே நிற்கிறார். பிறகு சட்டையைக் கழற்றி மானேஜர் காலடியில் எறிகிறார், தண்ணீர் பாட்டிலை உதைக்கிறார், பக்கத்தில் இருந்த மைக்கைப் பார்த்துச் சொல்கிறார்: "இந்த ஆளு இருக்கிற வரைக்கும் நான் இங்க ஆட மாட்டேன்."

"அப்பிடி என்னதான் சொன்னாராம் அந்த மானேஜர்?" என்றான் டீக்கடைக்காரன். "அம்மாவ இழுத்துட்டாரா?"

வெல்டர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

மகள் வீட்டில் பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்து விட்டிருந்தார்கள். வாசலில் யாரோ இரண்டு பேர் கேமராவோடு நின்றதுதான் காரணம். மாப்பிள்ளை சோபாவில் காலை நீட்டி, முழங்கால்மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, ஓடாத டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெக்கமா இல்லீங்களா உங்களுக்கு?" என்றார் வெல்டர்.

மாப்பிள்ளை ஆயிற்றே, திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. வாய்வரை வந்த வார்த்தையின் வாலில் ஒரு 'ங்க' ஒட்டித் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது பெண்ணைக் கட்டிக்கொடுத்தவனுக்குத்தான் தெரியும்.

"ஊரே சிரிக்குது. அப்படி என்ன சொல்லிட்டான் அந்த ஆளு?"

"வாங்கன்னு சொன்னார் மாமா."

"அப்புறம்?"

"வந்து உக்காருங்கன்னு சொன்னார்."

சமையலறையிலிருந்து மகள் வெளியே வந்தாள். "நல்லாக் கேட்டுக்கப்பா. நேத்துலேருந்து நானும் கேக்கறேன், இதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்றார். மரியாதையாக் கூப்பிட்டதுக்கு எந்த மனுசனாவது சட்டையக் கழட்டுவானா? என்னை இந்த வீட்டுல யாராவது வாங்கன்னு கூப்பிட்டா ஃப்ரேம் போட்டு மாட்டி வெப்பேன்."

"உனக்குப் புரியாதுடி."

"புரியற மாதிரி சொல்லுங்களேன்."

மாப்பிள்ளை ஐஸ் பையை எடுத்துக் கீழே வைத்தார். மனைவியைப் பார்க்காமல் மாமனாரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"என்னை அந்தத் தெரு மைதானத்துல பாத்துக் கூட்டிட்டுப் போன நாள்லேருந்து டேய்தான் மாமா. டேய் எருமை, டேய் சோம்பேறி, ஓடுடா, எவன்டா உனக்கு ஷூ குடுத்தது. இந்தக் கால் உடைஞ்சப்போ ஸ்ட்ரெச்சர் வர்றதுக்குள்ள அவரே தூக்கிட்டு ஓடினார். 'டேய், கண்ண மூடாதடா, என்னைப் பாருடா'ன்னு வண்டி பூரா கத்திக்கிட்டே வந்தார். போன மாசம் ஒரு நாள் பயிற்சிக்குப் போறேன், 'வாங்க, கால் எப்படி இருக்கு'ங்கறார். வேற யாரையோ கூப்பிடறார்னு திரும்பிப் பாத்தேன். என்னைத்தான். அன்னைலேருந்து நீங்க, வாங்க, போங்க. மத்த எல்லாருக்கும் டேய். எனக்கு மட்டும் நீங்க. சரி, நாலு சுவத்துக்குள்ள இருந்துட்டுப் போகட்டும்னு பொறுத்தேன். நேத்து அத்தனை ஜனம் முன்னால, வாங்க, வந்து உக்காருங்கன்னார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட சொல்ற மாதிரி. விருந்தாளின்னா என்ன மாமா, சாப்பிட்டு முடிச்சா கிளம்பணும்."

மகள் சிரிக்கவில்லை. வெல்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவருக்குப் புரிந்தது. புரிந்ததில்தான் கோபமே வந்தது. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் அந்த ஆளை நாலு பேர் கேட்பார்கள். இது அப்படியில்லை. மரியாதையைக் கொடுத்து ஆளை வெளியே தள்ளியிருக்கிறான். யாரிடம் போய்ப் புகார் சொல்வது, எனக்கு மரியாதை கொடுத்துவிட்டான் என்றா?

கிளப்பிலிருந்து போன் வந்திருந்தது. மறுநாள் காலை பத்திரிகைக்காரர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் பெரிய அணியோடு பயிற்சிக்கே வர வேண்டாம். ஒப்பந்தம் முடியும்வரை பின்னால் இருக்கிற சின்ன மைதானத்தில் தனியாக ஓடிக்கொண்டிருக்கலாம். இந்த வயசுக்கும் இந்த முழங்காலுக்கும் வேறு எந்தக் கிளப் கதவைத் திறக்கும்? அந்தச் சின்ன மைதானத்துக்குப் போனால் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

"என்ன பண்ணப் போறீங்க?" என்றார் வெல்டர்.

"அவர் ஒரு தடவை பழையபடி டேய்னு கூப்பிட்டா, கால்ல விழுந்துகூட மன்னிப்புக் கேப்பேன் மாமா."

"கூப்பிடலேன்னா?"

ஐஸ் பை உருகித் தரையில் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வெல்டரும் கூடவே போனார். மருமகனை நம்பி அனுப்பினால் இந்த முறை பேண்டையும் கழற்றி எறிந்துவிட்டு வருவார் என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

கிளப் கட்டடத்தில் ஒரு அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எதிரே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் விளம்பரங்கள் அச்சடித்த பெரிய பலகை. ஒரு பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு யாரை எங்கே உட்கார வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையிடம் வந்து, "மொதல்ல நீங்க பேசறீங்க. அப்புறம் கை குடுக்கறீங்க. கையை உடனே எடுத்துடாதீங்க, போட்டோ எடுக்கணும். முடிஞ்சா கட்டிப் பிடிச்சுக்கோங்க" என்றாள். கல்யாண வீட்டுப் போட்டோக்காரன்கூட இப்படி வேலை வாங்க மாட்டான் என்று வெல்டர் நினைத்துக்கொண்டார். மெல்ல நழுவி வெளியே வந்து, நடையின் கடைசியில் மானேஜர் என்று எழுதியிருந்த கதவைத் தட்டாமல் திறந்தார்.

மானேஜர் விசில் கயிற்றில் விழுந்திருந்த முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். போனில் பார்த்ததைவிட ஆள் குள்ளம். வெல்டரை அடையாளம் தெரிந்து எழுந்தார்.

"வாங்க ஐயா. உக்காருங்க."

"அந்த ரெண்டு வார்த்தையாலதான் இவ்வளவு வினையும். நான் நின்னுக்கறேன்."

மானேஜரும் உட்காரவில்லை.

"எதுக்கு அவரை வாங்க போங்கன்னீங்க?"

"மரியாதைதானே ஐயா. சீனியர் ஆட்டக்காரர்."

"கோல் காக்கறவன் தலையில பாதி முடியக் காணோம். அவன டேய் மொட்டைன்னு கத்தறீங்க. அதையும் போன்ல பாத்தேன். அவன் மட்டும் பால்குடியா?"

மானேஜர் முடிச்சைப் பார்த்தார். பிறகு வேறு குரலில் பேசினார்.

"உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. டேய்னு கூப்பிடறவனை, போதும்டா, வெளிய உக்காருடான்னு சொல்ல எனக்கு வாய் வராது ஐயா. அதனால ஒருத்தர ஒதுக்கறதா இருந்தா மொதல்ல நீங்கன்னு மாத்திக்குவேன். அப்புறம் சொல்றது கொஞ்சம் சுலபம்."

"யாருக்குச் சுலபம்?"

மானேஜர் மறுபடி முடிச்சை நெம்பினார்.

"அப்ப முடிவு பண்ணிட்டீங்க."

"அப்படிச் சொல்லல. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு இன்னும் ஆள் முடிவு பண்ணல. மொதல்ல மன்னிப்புக் கேக்கட்டும். அவர் இறங்கி வந்தா நானும் இறங்கி வருவேன்."

வெல்டருக்கு உடம்பு பூராவும் சூடேறியது.

"என் மாப்பிள்ளை முட்டாள். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனா அந்த முட்டாள் நேத்து என்ன சொன்னான் தெரியுமா? நீங்க பழையபடி ஒரு தடவை டேய்னு கூப்பிட்டா கால்ல விழறேன்னான். இந்த ரூமுக்குள்ள கூப்பிடுங்க. கதவச் சாத்திக்கிட்டு, கேமரா இல்லாம. மனசுல இருந்தா கூப்பிடுங்க. இல்லன்னா உன் கால் போயிடுச்சு, நீ வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. அழுதுட்டு வேற பொழப்பப் பாப்பான். ஆட வெக்கவும் மாட்டேன், மன்னிப்பும் வேணும்னா அது என்ன நியாயம்?"

கோபத்தில் மாப்பிள்ளையின் மரியாதை எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. வெல்டர் அதைக் கவனிக்கவில்லை.

கதவு திறந்தது. காதில் ஒயர் மாட்டிய பெண் தலையை நீட்டி, "டைம் ஆச்சு சார்" என்றாள். மானேஜர் முடிச்சோடேயே விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"பாக்கறேன் ஐயா" என்றார்.

அறையில் நிற்க இடமில்லை. வெல்டர் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றார். மாப்பிள்ளை மைக்கைப் பிடித்தார். நடந்தது தப்பு, ரசிகர்கள் மன்னிக்க வேண்டும், கிளப் மன்னிக்க வேண்டும் என்று மனப்பாடம் ஒப்பிக்கிற பையனைப் போல ஒவ்வொன்றாகச் சொன்னார். மானேஜர் பெயர் வந்த இடத்தில் மட்டும் நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்க்கப் பிடிக்காமல் வெல்டர் தரையைப் பார்த்தார்.

அப்போது மைக்கில் கேட்டது.

"டேய். வாடா இங்க."

மானேஜர் எழுந்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய் அந்தக் குள்ள மனிதரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிற்று. பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அறை பூராவும் கைதட்டியது. முன்வரிசையில் ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெல்டர் கைதட்டவில்லை. மானேஜரின் ஒரு கை மாப்பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் தோளுக்குமேலே எட்டி, ஓரத்தில் நின்ற ஒயர்காரப் பெண்ணைப் பார்த்தது. அவள் கட்டைவிரலைக் காட்டிய பிறகுதான் கை முதுகை விட்டது. கதவைச் சாத்திக்கொண்டு சொல் என்று கொடுத்த வார்த்தையை, இந்த ஆள் நடுத்தெருவில் கொண்டுவந்து விரித்திருக்கிறான். கொடுத்த தன் வாயைத்தான் இரண்டு அறை அறைய வேண்டும் என்றிருந்தது வெல்டருக்கு.

கூட்டம் கலைந்தது. கேமராக்களைப் பைக்குள் போட்டுவிட்டார்கள். மாமனாரும் மருமகனும் வாசலுக்கு வந்தபோது மானேஜர்தான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க முன்னாடி போங்க" என்றார்.

வண்டி நிறுத்தும் இடத்துக்கு வரும்வரை மாப்பிள்ளைக்குக் கால் தரையில் படவில்லை. நொண்டலைக்கூடக் காணோம்.

"கேட்டீங்களா மாமா? டேய்னார்."

"கேட்டேன்."

"மனசுலேருந்து வந்துச்சு மாமா. எனக்குத் தெரியும் அந்தக் குரல்."

"வாசல்ல என்ன சொன்னார்?"

மாப்பிள்ளை கார்ச் சாவியைத் தேடுகிறவர்போலப் பையைத் துழாவினார். சாவி கையில்தான் இருந்தது.

"அதுவா? அது நம்ம ரெண்டு பேரையும் சேத்து மாமா. நீங்க கூட இருந்தீங்கல்ல. ரெண்டு பேருன்னா நீங்கன்னுதானே சொல்லியாகணும்."

கேட்கும்முன்பே அந்தப் பதில் தயாராக இருந்தது. நடந்து வருகிற வழியெல்லாம் அதை மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டே வந்திருக்கிறார் என்பது வெல்டருக்குத் தெரிந்துபோயிற்று.

"இருக்கும்" என்றார்.

"ஏறுங்க மாமா, வீட்ல விட்டுடறேன்."

"வேண்டாம். நான் நடந்து போயிக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை மேட்சுக்கு வருவீங்கல்ல?"

"நீங்க ஆடறதா இருந்தா சொல்லி அனுப்புங்க. வரேன்."

மாப்பிள்ளை சிரித்துக் கையாட்டினார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வெல்டரால் ஆகவில்லை. கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினார். பஸ் நிறுத்தத்தில் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றித் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் வந்துவிட்டது. "டேய், வாடா இங்க" என்றது போன். கைதட்டல் கேட்டது. யாரோ மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடியும் "டேய், வாடா இங்க."

"ரெண்டு பேரையும் சேத்துச் சொன்னாராம்" என்று முனகிக்கொண்டு வெல்டர் அவர்களைத் தாண்டி நடந்தார்.