ஒழுகாத சுவர்

ஐந்நூற்றுப் பதினொன்று!

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் டேப்பை வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, பதினொன்றுதான். சரிவின் உச்சியில் ஓடிய விரிசலுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆணி, அந்தப் பக்கம் ஓர் ஆணி. போன வாரம் அவள் அடித்தபோது இடைவெளி சரியாக ஐந்நூறு மில்லிமீட்டர். இன்று காலை ஏழு மணிக்கு ஐந்நூற்றாறு. இப்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. மூன்று நாள் மழை விடியற்காலையில்தான் விட்டிருந்தது. மதியம் மறுபடி பிடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

மலை நகர்கிறது. கீழே பதினோரு வீடு. நாலாவது வீடு அவளுடைய அக்கா வீடு.

கழுத்தில் தொங்கிய விசிலை ஊதிக்கொண்டே படிகளில் இறங்கி ஓடினாள். மண்சரிவு ஆய்வுப் பிரிவின் இன்ஜினியர் அவள். கண்ட இடத்தில் ஆணி அடித்துக்கொண்டு திரிவதால் தெருவில் அவளுக்கு 'ஆணியம்மா' என்றே பெயர். கிண்டல் செய்தவர்களே இன்று முதலில் கிளம்பினார்கள். கால் மணி நேரத்தில் பத்து வீடும் காலி. மூட்டை முடிச்சோடு சனம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. அக்கா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நான் எதுக்குடி போகணும்? சுவரு உங்க மாமா கட்டினது. ஒரு சொட்டு ஒழுகாது, தெரியும்ல?"

"பேசிட்டு நிக்க நேரமில்லக்கா, கெளம்பு..." என்றவள் பாதியில் நிறுத்தினாள்.

ஒரு சொட்டு ஒழுகாதா?

தெரு நெடுக நின்ற தாங்குசுவரைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று நாள் கொட்டிய மழைக்கு அது நாற்பது இடத்தில் ஒழுகியிருக்க வேண்டும். மண்ணில் ஊறும் தண்ணீர் வெளியேறத்தானே நாற்பது குழாய் வைத்துக் கட்டினார்கள்? சுவரோ ஒரு குழாய் வாய்கூடத் தெரியாமல் பளிச்சென்று நின்றது. போன மாதம் அறிக்கையில் 'சுவர் நலம்' என்று எழுதியதும் இவளேதான். மாமா கட்டியதாயிற்றே என்று கிட்டப் போய்ப் பார்க்கக்கூட இல்லை. தன்னையே இரண்டு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

"மாமா! குழாயெல்லாம் எங்க?"

கொத்தனார் மாமா பெருமையாகச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "கண்டுபிடிச்சிட்டியா? அழுக்குத் தண்ணி வடிஞ்சு புது பெயிண்ட்டெல்லாம் கறை. அதான் கோடையில எல்லாத்தையும் அடைச்சுப் பூசிட்டேன். ஓட்டை எங்க இருந்துச்சுன்னு எவனாலயும் சொல்ல முடியாது!"

"அய்யோ மாமா! அந்தத் தண்ணி அத்தனையும் உள்ளயே நிக்குது. அதுதான் சுவத்தைத் தள்ளுது!"

மாமாவின் சிரிப்பு செத்துப்போனது. சுவரைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு உள்ளே பாய்ந்து துளைபோடும் மெஷினோடு வந்தார்.

"நீங்க போகக்கூடாது. எங்க ஆபீஸ் ஆளுங்க வருவாங்க."

"எப்ப வருவாங்க?"

"ரெண்டு மணி நேரம் ஆகும்."

"மழை அதுக்கு முன்னாடி வந்து நிக்கும். எடம் எனக்கு மட்டும்தானே தெரியும்? நீ ஆணியப் பாரு, நான் ஓட்டையப் பாக்குறேன்."

வேறு வழியில்லை. அவர் இடுப்பில் கயிறு கட்டினாள். மறுமுனை தெருமுனையில், அக்கா கையில். வீட்டை விட்டு அசைய மாட்டேன் என்றவள் இப்போது கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"விசில் கேட்டா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வரணும் மாமா. சத்தியம்?"

"சத்தியம். ஏறு!"

மூச்சிரைக்க மேலே வந்து டேப்பை வைத்தாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கீழே மாமா சுவரின் ஓரத்திலிருந்து முழம் போட்டு அளந்தார், ஓர் இடத்தைத் தட்டினார், துளைத்தார்.

புஸ்ஸென்று பீய்ச்சியடித்த தண்ணீர் மெஷினை எட்டித் தள்ளியது. மாமா மல்லாக்க விழுந்தார். அக்காவின் அலறல் மேலே வரை கேட்டது. ஆனால் மனுஷன் எழுந்து, சேற்றை வழித்துப் போட்டுவிட்டு, அடுத்த முழம் அளக்கப் போய்விட்டார்.

இரண்டு. ஐந்து. ஒன்பது. ஒன்றுகூடத் தப்பவில்லை. தான் மறைத்த ஓட்டைகளைத் தானே ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனார் அவர்.

ஐந்நூற்றுப் பதிமூன்று. ஊதிவிடலாமா? இன்னும் ஒரு மில்லி நகர்ந்தால் ஊதிவிட வேண்டியதுதான். முதல் மழைத்துளி கையில் விழுந்தது. மறுபடி வைத்தாள். பதிமூன்று. கீழே இருபதாவது ஓட்டை, முப்பதாவது ஓட்டை. மழை பிடித்துக்கொண்டது. பதிமூன்று. நம்பாமல் இன்னொரு தரம் வைத்தாள்.

பதிமூன்றேதான்!

விசில் வாயிலிருந்து நழுவியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மண் காயும் வரை யாரும் வீடு திரும்ப முடியாது, பள்ளிக்கூடத்தில்தான் படுக்கை. இருக்கட்டும், படுத்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்களே!

கீழே, நாற்பது வாயாலும் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு கறையும் சேறுமாக நின்றது சுவர். தெருமுனையில் மாமாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அக்கா அண்ணாந்து கத்தினாள்:

"ஏய் ஆணி! உங்க மாமா சுவரு ஒழுகுதுடி!"